சர்க்கரையும் கணையத் திட்டுகளும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழாவில் ஆடலும் பாடலும் மட்டுமன்றி அறிவியற் பொருள் ஒன்றும் இடம்பெற வேண்டுமெனச் செயற்குழுவினர் விரும்பினர். நீரிழிவைப் பற்றிப் பேசுமாறு பணித்துவிட்டு, பந்தியிலே பாயசத்துக்கும் சந்தேஷுக்கும் ஏற்பாடு செய்திருக்கின்றனர். இதனை முரண்பாடு என்று நாம் குறை கூறப் போவதில்லை. பேசுபொருள் இலையிலேயே வந்து அமர்வது எல்லாப் பேச்சாளருக்கும் கிட்டுகின்ற பேறு அன்று.

இப்பொருளை நாம் ஏற்றுக்கொண்டதற்கு வேறொரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், லேக் மார்க்கெட்டை அடுத்து வாழும் நம்மவர் குடும்பம் ஒன்றில் பதினொரு வயதுச் சிறுவனுக்கு நீரிழிவு கண்டது. நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டு வந்தனர். பிஞ்சு உடம்பில் தினமும் ஊசியா என்று வீட்டில் எல்லோருக்கும் மனம் பொறுக்கவில்லை. ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், சிறுகுறிஞ்சான் பொடி கொண்டுவந்து கொடுத்தார். ஊசியை நிறுத்திப் பொடியைத் தொடங்கினார்கள். மூன்றாம் நாள் இரவு சிறுவன் ஓயாமல் வாந்தி எடுத்தான்; மூச்சு ஆழ்ந்து இரைத்தது; வாயில் அழுகிய பழத்தின் வாடை வீசிற்று. அன்றிரவு நாமும் அவர்களோடு ஆஸ்பத்திரிக்குச் சென்றோம். பையன் பிழைத்துக்கொண்டான். விடியற்காலையில் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்த அவன் தாயார் நம்மைப் பார்த்துக் கேட்டது இன்றும் செவியில் ஒலிக்கிறது: “எங்க பாட்டி காலத்திலேருந்து கொடுக்கிற இலைதானே. அது பொய்யா? சொல்லுங்க.”

பொய் என்றும் சொல்ல நமக்கு நா எழவில்லை. மெய் என்றும் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்கு உரிய விடையை இன்று சொல்ல முயல்கிறோம். அதற்கு முதலில் கணையத்துக்குள் சற்று நுழைந்து பார்க்க வேண்டும்.

இரைப்பைக்குப் பின்னால், நூறு கிராமுக்கும் குறைந்த எடையோடு படுத்திருக்கும் உறுப்பு கணையம். அதன் பெரும்பகுதி செரிமான நீரைச் சுரந்து குடலுக்கு அனுப்புகிறது. 1869-ஆம் ஆண்டில் பெர்லினில் மாணவராயிருந்த பால் லாங்கர்ஹான்ஸ் என்பவர், உருப்பெருக்காடியில் அதனைப் பார்த்தபோது, கடலிடைத் தீவுகள் போலச் சிறுசிறு உயிரணுக் கூட்டங்கள் தனித்து நிற்பதைக் கண்டார். அவை எதற்கு என்பது அவருக்குத் தெரியாது. இருபது ஆண்டுகள் கழித்து, 1889-இல், மின்கோவ்ஸ்கி, மேரிங் என்னும் இருவர் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோது அந்த நாய்க்கு நீரிழிவு வந்தது. அப்போதுதான் வழி புலப்பட்டது. அந்தத் தீவுகளே லாங்கர்ஹான்ஸ் திட்டுகள். ஒரு மனிதனிடம் ஏறத்தாழப் பத்து லட்சம் திட்டுகள் உண்டு. எல்லாவற்றையும் திரட்டி எடை போட்டால் ஒன்றிரண்டு கிராம் தேறும், அவ்வளவே.

இந்த ஒன்றிரண்டு கிராம் எதனைக் காவல் காக்கிறது? நம் உடலில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் இரத்தம் ஓடுகிறது. வெறும் வயிற்றில் 100 மில்லி லிட்டருக்கு 90 மில்லிகிராம் குளுக்கோஸ் என்று கொண்டால், உடலின் இரத்தம் முழுவதிலும் உள்ள சர்க்கரை நாலரை கிராம். ஒரு தேக்கரண்டி! ஒரு கிண்ணம் சோறோ நாற்பது கிராமுக்கு மேல் சர்க்கரையாக மாறி உள்ளே வருகிறது. இருப்பைப் போல ஒன்பது பத்து மடங்கு வரவு வந்து சேரும்போதும், இரவெல்லாம் வரவே இல்லாதபோதும், அந்த ஒரு தேக்கரண்டிக் கணக்கு பெரிதும் பிறழாமல் இருக்க வேண்டும். மிகக் குறைந்தால் மூளை மயங்கும். நெடுங்காலம் மிகுந்தால் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் கெடும்.

திட்டுக்குள் பலவகை உயிரணுக்கள் உள்ளன. மிகுதியானவை பீட்டா அணுக்கள். இவை இன்சுலினை ஆக்குபவை. அடுத்து ஆல்ஃபா அணுக்கள். இவை குளுக்ககான் என்னும் மாற்றுச் சுரப்பை ஆக்குபவை. டெல்டா அணுக்கள் எண்ணிக்கையில் சில. அவற்றின் சுரப்பான சோமடோஸ்டாட்டின் மற்ற இருவரையும் அடக்கி நிறுத்தும். இன்சுலின் சர்க்கரையைத் தசைக்கும் கொழுப்புக்கும் உள்ளே செலுத்தும். ஈரலில் சேமிக்கச் செய்யும். குளுக்ககான் ஈரலின் சேமிப்பைத் திறந்து விடும்.

எப்போது எதனைச் சுரப்பது என்று அவற்றுக்குச் சொல்பவர் யார்? நரம்பின் ஆணைகளும் உண்டு. எனினும் முதன்மையான ஆணை குளுக்கோஸிடமிருந்தே வருகிறது. பீட்டா அணுவின் சுவரில் குளுக்கோஸ் தடையின்றி நுழையும் வாயில்கள் உண்டு. வெளியே எவ்வளவோ உள்ளேயும் அவ்வளவு. உள்ளே வந்ததைக் குளுக்கோகைனேஸ் என்னும் நொதி பற்றி எரிப்பதற்கு அனுப்புகிறது. நம் உடலின் மற்றப் பல அணுக்களில் இதே வேலையைச் செய்யும் நொதி, சிறிது சர்க்கரை வந்தாலே முழு வேகத்தை எட்டிவிடும். அதற்குமேல் எவ்வளவு வந்தாலும் அதற்குத் தெரியாது. குளுக்கோகைனேஸ் அப்படியன்று. சர்க்கரை ஏற ஏற அதன் வேகமும் ஏறும். ஆதலின் அது நொதி மட்டுமன்று, அளவுகோலுமாகும்.

சர்க்கரை எரிந்ததும் அணுவுக்குள் ஆற்றற் பொருளான ஏ.டி.பி. பெருகுகிறது. இனி நடப்பதை நம் ஊர் ஏரியை நினைத்துக்கொண்டு கேளுங்கள். அணுவின் சவ்வில் இருவகை மதகுகள் உண்டு. பொட்டாசியம் மதகு எப்போதும் சற்றுத் திறந்து வெளியே கசிந்துகொண்டிருக்கும். ஏ.டி.பி. பெருகினால் அந்த மதகு மூடிக்கொள்ளும். அது மூடியதும் சவ்வின் மின்னழுத்தம் மாறும். அந்த மாற்றத்தால் கால்சியம் மதகு திறக்கும். கால்சியம் உள்ளே பாய்ந்ததும், இன்சுலினை அடைத்து வைத்த நுண்பைகள் சவ்வோடு ஒட்டி வெடித்து, சரக்கை இரத்தத்தில் கொட்டும். குளுக்கோஸால் பொட்டாசியம் மதகு மூடுவதை ஆக்ஸ்ஃபோர்டில் ஃபிரான்சஸ் ஆஷ்கிராஃப்டும் அவர் துணைவரும் 1984-இல் எலியின் அணுக்களில் நேரே அளந்து காட்டினர். 90 மில்லிகிராம் அளவைத் தாண்டும்போது இந்த இயக்கம் தொடங்குகிறது.

கல்யாணப் பந்தியைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? முதற் பந்திக்கு வேண்டியது ஏற்கனவே ஆயத்தமாக இருக்கும், அமர்ந்தவுடன் பரிமாறிவிடுவார்கள். அடுத்த பந்திக்கு உரியது பின்கட்டில் வெந்துகொண்டிருக்கும். பீட்டா அணுவும் அப்படித்தான். ஓர் அணுவில் சுமார் 10,000 நுண்பைகள் உண்டு. சவ்வின் ஓரத்தில் ஆயத்தமாக நிற்பவை அவற்றுள் நூற்றில் ஒரு பங்குதான். சர்க்கரை ஏறிய முதற் பத்து நிமிடங்களில் கொட்டுவது அவை. பின்னர் உள்ளேயிருந்து மெல்ல மெல்ல வருவது இரண்டாம் கட்டம். நீரிழிவு வகை இரண்டில் முதலில் தொலைவது அந்த முதற் பந்தி. வெறும் வயிற்றுச் சோதனை ஒழுங்காக இருந்தும், உண்டபின் சர்க்கரை ஏறி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரக்கு தீர்ந்தால் மீண்டும் ஆக்கவேண்டும் அன்றோ? அதற்கும் குளுக்கோஸே கட்டளை. அது உட்கருவிலுள்ள இன்சுலின் மரபணுவைத் தூண்டிப் படியெடுக்கச் செய்கிறது. எடுத்த படியிலிருந்து புரதம் கட்டும் வேலையையும் விரைவுபடுத்துகிறது. வியப்பு என்னவெனில், ஆக்கம் தொடங்குவதற்கு வேண்டிய சர்க்கரை அளவு, வெளியிடத் தொடங்கும் அளவினும் குறைவு. கடை திறக்குமுன்பே அடுப்பு மூட்டப்படுகிறது. முதலில் உருவாவது ஒரு நீண்ட சங்கிலி. 1967-இல் சிகாகோவில் டொனால்ட் ஸ்டைனர் அதனை அறிவித்தார். நுண்பைக்குள்ளே அந்தச் சங்கிலி வெட்டப்பட்டு இன்சுலினும், சி-பெப்டைடு என்னும் துண்டும் சம எண்ணிக்கையில் கிடைக்கின்றன. ஊசியில் போடும் இன்சுலினில் இந்தத் துண்டு இராது. ஆதலால் இரத்தத்தில் சி-பெப்டைடு உண்டா என்று பார்த்தால், நோயாளியின் சொந்தத் திட்டுகள் இன்னும் வேலை செய்கின்றனவா என்பது விளங்கிவிடும்.

ஆல்ஃபா அணுவை மறக்கக் கூடாது. சர்க்கரை உயர்ந்தால் அது அடங்கவேண்டும். நீரிழிவுக்காரரிடம் அது அடங்குவதில்லை. இரத்தத்தில் சர்க்கரை மிதந்துகொண்டிருக்கும்போதே, ஈரலை நோக்கி “இன்னும் கொண்டுவா” என்கிறது. “இரவு ஒன்றுமே உண்ணவில்லை, காலையில் எப்படி 180?” என்று கேட்கும் அன்பர்கள், ஈரல் தன் கிடங்கைத் திறந்துவிட்டதை நினைவிற் கொள்க. இன்னொரு செய்தி: குளுக்கோஸை நாளத்தில் ஏற்றினால் சுரக்கும் இன்சுலினைவிட, வாயால் உட்கொண்டால் சுரப்பது மிகுதி. 1964-இல் இது அளந்து காட்டப்பட்டது. குடலிலிருந்து திட்டுகளுக்கு முன்னறிவிப்புச் சுரப்புகள் செல்வதே காரணம். இந்நாளில் பெரிதாகப் பேசப்படும் விலை உயர்ந்த சில ஊசிகள் அவ்வழி வந்தவையே.

இதுவரை கூறியது நலமுள்ள திட்டின் கதை. சர்க்கரை என்பது திட்டுக்கு எசமானும் ஆசானும் என்றோம். அந்த எசமான் ஓயாமல் விரட்டினால் என்ன ஆகும்? உயர்ந்த சர்க்கரை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடித்தால் பீட்டா அணுவில் இன்சுலின் மரபணுவின் படியெடுப்பே குறைகிறது. எரிப்பின் கழிவுகளைத் தாங்கும் ஆற்றல் அந்த அணுவுக்குக் குறைவு. இன்சுலினை ஆக்கச் சொன்ன அதே குளுக்கோஸ், மிகுந்தபோது ஆக்காதே என்பதற்கு ஒப்பாகிவிடுகிறது. எலிகளில் நடந்த ஆய்வொன்றை 2012-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் வெளியிட்டனர்: பல பீட்டா அணுக்கள் சாவதில்லை, தாம் யார் என்பதை மறந்து, இன்சுலின் ஆக்காத அணுக்களாகத் திரும்பிவிடுகின்றன. சாகவில்லை என்றால் மீட்க வழியுண்டு என்பது இதிலுள்ள ஆறுதல். பிரிட்டனில் 306 பேரிடம் நடத்தி 2017-இல் வெளிவந்த ஆய்வில், உணவைக் கடுமையாகக் குறைத்து எடையை இறக்கியவர்களுள் 46 விழுக்காட்டினர், ஓராண்டு கழித்து மருந்தின்றியே நீரிழிவு எல்லைக்குக் கீழே நின்றனர். நோய் கண்டு சில ஆண்டுகளே ஆனவர்கள் அவர்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

நம் நாட்டவர் நிலை இதில் சற்று வேறு. சர்க்கரை சிறிதே உயர்ந்த கட்டத்திலேயே இந்தியரின் பீட்டா அணுத் திறன் குறைந்திருப்பதைச் சென்னையில் நடந்து 2013-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. சென்னையிலேயே டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் தொடர்ந்தனர். 2006-இல் முடிவு வந்தது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களுள் 55 விழுக்காட்டினர் நோயாளியாயினர். நடையும் உணவு மாற்றமும் மேற்கொண்டோரில் 39.3 விழுக்காடே. 2023-இல் வெளிவந்த நாடு தழுவிய கணக்கின்படி நீரிழிவுள்ளோர் 10 கோடிக்கு மேல். வாசலில் நிற்போர் 13 கோடிக்கு மேல்.

இப்போது அந்த அன்னையின் கேள்விக்கு வருவோம். இதே கேள்வியை இந்த நகரம் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே எடுத்து ஆராய்ந்திருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1907-இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் வெப்ப நாடுகளின் நீரிழிவைப் பற்றி விவாதித்தபோதே கல்கத்தாவின் கைலாஸ் சந்திர போஸ் முதலியோரின் கருத்துகள் அங்கே இடம்பெற்றன. உட்கார்ந்தே வாழும் வங்கத்துச் செல்வரிடம் இந்நோய் மிகுந்திருந்தது அன்றே பேச்சாயிற்று. காளிகாட்டில் மெட்ரோ ஏறிச் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி நடந்தால், சித்தரஞ்சன் அவென்யூவில் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி நிற்கிறது. டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாயின் கணையச் சாற்றை வடித்த அதே 1921-ஆம் ஆண்டில் அங்கே பாடம் தொடங்கிற்று. அப்பள்ளியின் ராம் நாத் சோப்ராவும் ஜே. பி. போஸும் நாட்டு மூலிகைகளைக் கையில் எடுத்தனர். 1925-இல் தேலாகுசா, அஃதாவது நம் கோவை. 1928-இல் சிறுகுறிஞ்சான், வேறு பெயர் சர்க்கரைக்கொல்லி.

அவர்கள் செய்த முறைக்காகவே அவர்களை வணங்கத் தோன்றுகிறது. நோயாளிக்கு மருந்தைக் கொடுத்து “எப்படி இருக்கிறது?” என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. இரத்தத்தையும் சிறுநீரையும் எடுத்துச் சர்க்கரையை அளந்தனர். நம்பத்தக்க பயன் எதுவும் காணவில்லை என்று, நாட்டு மருந்தின்மீது பற்று நிறைந்தவர்களாயிருந்தும், ஒளியாமல் எழுதினர். சிறுகுறிஞ்சான் இலையை மென்றபின் வெல்லத்தை வாயிலிட்டால் மண்ணைப் போல் இருக்கும், இது மெய். அது கொல்வது நாவின் இனிப்புச் சுவையை. இரத்தத்துச் சர்க்கரையைக் கொல்லுமா என்பது தனிக் கேள்வி. பெயர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

(இந்த நகரத்தைப் பற்றிய பேச்சில் ஒன்றை விட மனமில்லை. 1940-களில் கல்கத்தாவில் சச்சிதானந்த பானர்ஜி, வைட்டமின் ‘சி’ இல்லாத உணவு தந்த கினிப் பன்றிகளின் கணையத்தில் இன்சுலின் குறைந்து போவதைக் கண்டு எழுதினார். திட்டுகளைப் பற்றிய ஆராய்ச்சி இங்கே அயல் சரக்கு அன்று.)

வழக்கு 1928-இல் முடிந்துவிடவில்லை. 1990-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி ஆய்வுக்கூடத்தில் ஈ. ஆர். பி. சண்முகசுந்தரம் குழுவினர், இரசாயனத்தால் திட்டுகள் சிதைக்கப்பட்ட எலிகளுக்கு இலைச் சாறு கொடுத்தபோது திட்டுகளின் எண்ணிக்கை பெருகியதாக அறிவித்தனர். இன்சுலின் ஊசியில் வாழும் 27 நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தனர்; ஊசியின் அளவு குறைந்தது என்றனர். ஊசியை நிறுத்தி அன்று, ஊசியோடு சேர்த்தே கொடுத்தனர் என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறோம். 1999-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியார் அச்சாற்றைத் தனித்த திட்டுகளின்மேல் விட்டுப் பார்த்தனர். இன்சுலின் வெளியே வந்தது! ஆனால் எப்படி வந்தது? அணுச் சவ்வு ஓட்டையாகிக் கசிந்ததால் வந்ததாகத் தெரிந்தது. ஏரி நீர் வயலுக்கு வந்தது உண்மை. மதகு திறந்து வந்ததா, கரை உடைந்து வந்ததா என்பதல்லவா கேள்வி? சர்க்கரை ஏறும்போது திறந்து, இறங்கும்போது மூடுவது மதகு. கரை உடைப்புக்கு அந்த விவேகம் இல்லை. அச்சாற்றின் எல்லாக் கூறுகளும் அப்படியே என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. பின்னும் ஆராய்ச்சிகள் வந்துள்ளன.

ஆயினும் அந்தச் சிறுவனுக்கு இந்த வாதமே பொருந்தாது. அவனுக்கு வந்தது வகை ஒன்று. உடலின் சொந்தக் காவற்படையே பீட்டா அணுக்களை எதிரி என்று எண்ணி அழித்துவிடுகிறது. ஏரியே வற்றியபின் மதகைத் தட்டி என்ன பயன்? 1922 ஜனவரியில் டொராண்டோவில் லெனார்ட் தாம்ஸன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடும்வரை, இத்தகைய குழந்தைகளைப் பட்டினி போட்டுச் சிறிது காலம் காப்பதைத் தவிர மருத்துவரிடம் வேறு வழி இருக்கவில்லை. ஊசி நின்றால் உடல் கொழுப்பை எரிக்கிறது. எரிந்த கழிவு இரத்தத்தை அமிலமாக்குகிறது. சில நாள்களில், சில வேளை ஒரே நாளில், உயிர்க்கு ஆபத்து.

ஊசியை நிறுத்தக்கூடிய குழந்தைகளே இல்லையா? உண்டு; மிகச் சிலர். பிறந்த ஆறு மாதத்துக்குள் நீரிழிவு கண்ட சிலருக்கு, முன் சொன்ன பொட்டாசியம் மதகே மரபணுப் பிழையால் மூட மறுக்கிறது என்று 2004-இல் ஓர் ஆய்வுக் குழு கண்டது. ஆம், அதே எக்ஸெட்டர் நகரத்துக் குழு! மதகை மூடும் பழைய மாத்திரை ஒன்று கையிருப்பில் இருந்தது. 2006-இல் வந்த அறிக்கையில் 49 பேருள் 44 பேர் ஊசியை விட்டு அந்த மாத்திரைக்கு மாறியிருந்தனர். சென்னையிலும் டாக்டர் வி. மோகன் குழுவினர் இத்தகைய குழந்தைகளைக் கண்டறிந்து மாற்றியிருக்கின்றனர். யாருக்கு நிறுத்தலாம் என்பதை மரபணுச் சோதனை சொல்லிற்று, ஆசை சொல்லவில்லை.

அந்த அன்னைக்குப் பின்னொரு நாள் இவ்வாறே கூறினோம்: அம்மா, இலை பொய்யன்று; அது என்ன செய்கிறதென்று இன்னும் அளந்து முடியவில்லை. உங்கள் மகனிடம் அதனைக் கேட்டுச் செயற்படத் திட்டில் ஆளில்லை. பொடியைக் கொடுத்தவரிடம் கோபம் வேண்டா; ஊசியை நிறுத்தவேண்டா. அவர் நெடுநேரம் பேசாதிருந்து, “பாட்டி காலத்திலே இந்த மாதிரிக் குழந்தைங்க என்ன ஆச்சு?” என்று கேட்டார். நாம் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்துவிட்டது.

அந்தப் பையன் இன்று கல்லூரி முடித்து சால்ட் லேக்கில் வேலை பார்க்கிறான். இன்று பந்தியிலும் அமர்வான். பாயசம் எவ்வளவு, அதற்கு ஊசி எவ்வளவு என்று கணக்கிடுவதில் நம் எல்லோரையும்விட வல்லவன்.

செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். அறிவிப்பு ஒன்றோடு முடித்துக்கொள்கிறோம். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சங்கக் கட்டிடத்தில் இரத்தச் சர்க்கரைச் சோதனை நடைபெறும். வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே நலம். 100 முதல் 125 வரை வாசல். 126-க்கு மேல் மருத்துவரிடம் செல்லவேண்டும். இரவு உணவுக்குப் பின் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. “டிகாக்ஷன் மட்டும்” என்று கேட்பவர்களுக்கும் இதுவே விடை. சோதனை முடிந்ததும் இட்டிலியும் காப்பியும் சங்கத்தார் தருவார்கள்.